சோளகக் காற்றில் ஒரு வடதுருவப் பயணம்

உலகப் படத்தில் தனுஷ்கோடியின் மீது அளவுகோலை வைத்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், அது பாக் நீரிணையைத் தாண்டி அதிராம்பட்டினம் அருகே கரையேறும். மன்னார்குடி, விழுப்புரம், திருப்பதி, வாரங்கல் என்று ஊர்களை உரசிக்கொண்டு மேலே போகும். பரேலி, நைனிடால் பக்கமாக இமயமலையில் ஏறும். அப்பால் மேற்குத் திபெத், தக்லமக்கான் பாலைவனம், தியான்ஷான் மலைகள், கசகஸ்தானின் பல்காஷ் ஏரிப் பக்கம், பிறகு நாள்கணக்கில் ரயிலில் போனாலும் தீராத மேற்கு சைபீரியச் சதுப்பு. 66 டிகிரி 33 நிமிடத்தில் ஆர்க்டிக் வட்டம். அதையும் கடந்து விடாமல் போனால் யெனிசேய் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், டிக்சன் என்ற சின்ன ரஷ்யத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிலம் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 7,100 கிலோமீட்டர்.

இந்த இரண்டு முனைகளையும் ஒரே வருஷத்துக்குள் பார்த்துவிடுகிறவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து கோதண்டராமர் கோவிலுக்குப் போகும் சாலையில் இருபுறமும் விரியும் உவர்நீர்ச் சேற்றில் அவர்களைப் பார்க்கலாம். சுற்றுலா வண்டிகள் பூநாரைகளுக்காக மட்டும் நிற்கும். பூநாரையின் காலடியில், தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டு ஓடும் சாம்பல் நிறச் சிறு பறவைகளை யாரும் கவனிப்பதில்லை. வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், கல்லைப் புரட்டிப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான், தனித்தனியே நின்று வெறிக்கும் சாம்பல்நிற உப்புக்கொத்தி. மண்டபத்திலும் வாலிநோக்கத்திலும் மன்னார் வளைகுடாவின் தீவுகளிலும் இதே கூட்டம்தான். இவை நான்கும் முட்டையிடுவது ஆர்க்டிக் தூந்திரத்தில். வளைமூக்கு உள்ளானின் முக்கியமான கூடமைப்பு நிலம் டிக்சனுக்குக் கிழக்கே தொடங்கும் தைமிர் தீபகற்பம். அதன் எடை 55 கிராம் அளவு. கொசு உள்ளான் அதில் பாதிகூட இராது.

மனிதர்களின் கணக்கு இதற்கு முன்னால் சிறியது. இந்தியாவின் முதல் ஆர்க்டிக் அறிவியல் பயணம் 2007 ஆகஸ்டில்தான் நடந்தது. ரசிக் ரவீந்திரா தலைமையில் போனவர்கள் ஐந்து பேர். 2008 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நி-ஓலேசுண்ட் என்ற இடத்தில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. வட துருவத்திலிருந்து 1,200 கிலோமீட்டர் தூரம். 2014இல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'இண்டார்க்' என்ற கருவித்தொடர் அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. குளிர்காலத்திலும் ஆட்களை அங்கே தங்கவைக்கும் பயணம் 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. விமானம், கப்பல், பல அடுக்கு உடை, மருத்துவச் சோதனை என்று ஒவ்வொரு பயணத்துக்கும் மாதக்கணக்கில் ஏற்பாடு நடக்கும்.

ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் மனிதர்கள் அதை ஒரு நிகழ்ச்சியாகவே ஆக்கிவிடுகிறார்கள். கப்பலில் சடங்கு உண்டு, சான்றிதழ் உண்டு, எல்லைக்கல்லருகே படம் எடுப்பது உண்டு. ஆனால் கல் நட்டுக் காட்டும் அளவுக்கு அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் அச்சுச் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாகக் கூடிக் குறைகிறது. இப்போது குறையும் காலம் என்பதால் ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்கு 14 மீட்டருக்கு மேல் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவில் இதற்காகவே 2017இல் எட்டு டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் உருண்டையைச் செய்து, கோடு நகர நகர அதையும் உருட்டிக்கொண்டு போகிறார்கள். அதோடு, காற்றுமண்டலம் சூரிய ஒளியை வளைத்துக் காட்டுவதால், நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க வட்டத்தைத் தாண்டவே வேண்டியதில்லை. 90 கிலோமீட்டர் தெற்கிலேயே பார்த்துவிடலாம். அந்தச் சான்றிதழ்கள் எவ்வளவு பெறும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளானுக்கு இந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. அதன் ஆர்க்டிக் பயணம் மாசி மாதத்தில், மண்டபத்துச் சேற்றில், அதன் உடம்புக்குள் தொடங்குகிறது.

எப்போது கிளம்புவது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்கு இது பெரிய சிக்கல் இல்லை. அங்கே பகல் எட்டு மணி நேரத்திலிருந்து பதினாறுக்கு வளரும். வளரும் பகலே அறிவிப்பு. ராமேஸ்வரத்திலோ மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வெப்பமும் பெரிதாக மாறாது. தைமிரில் பனி உருகத் தொடங்கிவிட்டது என்று இங்கே வந்து சொல்ல ஆளும் இல்லை.

விடையின் ஒரு பகுதியை ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் கண்டார். 1960களிலிருந்து அவர் வலசைப் பறவைகளை மூடிய அறைகளில், பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஒரே அளவாக இருக்கும்படி வளர்த்தார். வெளியே என்ன பருவம் என்று அறிய அவற்றுக்கு வழியே இல்லை. இருந்தும் அவை உரிய காலத்தில் இறகு உதிர்த்தன, கொழுத்தன, இரவுகளில் பறக்கத் துடித்தன. உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்தக் கடிகாரம் துல்லியமானது அல்ல. அவர் வளர்த்த பறவைகள் சிலவற்றில் ஒரு 'ஆண்டு' பத்து மாதத்திலேயே முடிந்தது. அதைத் திருத்திக்கொடுக்க வெளியிலிருந்து சிறு குறிப்பு போதும். பனாமாக் காட்டில் வாழும் ஒரு சிறு பறவை பகல் நீளத்தில் 17 நிமிட மாற்றத்தையே உணர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராவதை 1990களில் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு நுட்பம் இருந்தால் ராமேஸ்வரத்தின் ஒரு மணி நேரம் தாராளமானது.

கடிகாரம் அடித்ததும் உடம்பு மாறுகிறது. மார்ச், ஏப்ரலில் வளைமூக்கு உள்ளானின் சாம்பல் நிறம் கலைந்து, மார்பும் வயிறும் செங்கல் சிவப்பாகும். ஏப்ரல் கடைசியில் தனுஷ்கோடிச் சேற்றில் பார்த்தால் பாதி சிவந்தது, முழுக்கச் சிவந்தது, இன்னும் வெளுத்தே இருப்பது என்று ஒரே கூட்டத்தில் எல்லாம் நிற்கும். பார்வைக்குத் தெரியும் மாற்றம் இது. தெரியாத மாற்றம் இதைவிடப் பெரிது.

கரையோர உள்ளான்களின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் கொத்தாக அமைந்திருக்கின்றன. ஈரமணலில் அலகைச் செருகும்போது மணல்துகள்களுக்கிடையே உள்ள நீரில் எழும் அழுத்தம் உள்ளே புதைந்த சிப்பியில் பட்டு மாறுபடுவதை, நாட் என்ற உள்ளான் இனம் தொடாமலே கண்டுபிடிக்கிறது என்று நெதர்லாந்தின் டியூனிஸ் பியர்ஸ்மா குழு 1998இல் காட்டியது. இப்படித் தேடித்தேடித் தின்னும் புழுவும் நத்தையும் கொழுப்பாகச் சேர்கின்றன. ஒரு கிராம் கொழுப்பு, அதே எடையுள்ள மாவுச்சத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும். எரியும்போது நீரையும் தரும். 55 கிராம் வளைமூக்கு உள்ளான் கிளம்பும் சமயத்தில் எண்பதைத் தாண்டியிருக்கும். தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும் என்பார்கள், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடும் ஆய்வாளர்கள்.

கொழுப்பு சேர்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னமும் வியப்பு. பறப்பதற்குத் தேவையில்லாத உறுப்புகளை அது சுருக்கத் தொடங்குகிறது. சிப்பியை ஓட்டோடு அரைக்கும் தசைவயிறு மெலிகிறது, குடல் சுருங்குகிறது. மார்புத் தசையும் இதயமும் பெருக்கின்றன. நீண்ட பறத்தலில் உள்ளுறுப்புகளின் புரதமும் கொஞ்சம் எரிபொருளாகிவிடும்; இறங்கிய இடத்தில் சில நாட்களுக்குள் வயிற்றைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். மூக்கருகே உள்ள உப்புச் சுரப்பிக்கும் இதே கதைதான். கடல்நீரில் இரை தேடும் மாதங்களில் இரத்தத்தில் சேரும் உப்பை வெளியேற்றப் பெரிதாக இருக்கும். தூந்திரத்தில் நன்னீரும் பூச்சியும்தான் என்பதால் அங்கே அதற்கு வேலை குறைவு. ராமேஸ்வரத்தில் நாம் பார்க்கும் உள்ளானும் தைமிரில் அடைகாக்கும் உள்ளானும் ஒரே உயிர்தான், ஆனால் உள்ளே உறுப்புகளின் அளவு வேறு.

எவ்வளவு தூரம் இப்படி நிற்காமல் போக முடியும் என்பதற்கு உச்ச எல்லை வேறோர் இனத்திடமிருந்து தெரிந்தது. பட்டைவால் மூக்கன் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாட்கள் தரையிறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அந்தப் பறவைக்கு வயது ஐந்து மாதம். நம்மூரிலிருந்து போகிறவற்றுக்கு அத்தனை கட்டாயம் இல்லை. கசகஸ்தான், சைபீரிய ஏரிகளில் இறங்கித் தின்று ஏறலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தால் டிக்சன் வரை காற்றில் இருக்கும் நேரம் 120 மணி. இடைத்தங்கல்களையும் சேர்த்தால் ஒரு மாதம்.

கிளம்புவதற்குக் காற்றும் ஒத்துவர வேண்டும். பாம்பன் மீனவர்களுக்குக் காற்று நாலு: வடக்கே இருந்து வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோளகம். சித்திரையில் சோளகம் பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வள்ளங்களை வடகடல் பக்கம் மாற்றுவார்கள். அதே சோளகம் வடக்கே போகும் பறவைக்கு முதுகுக் காற்று. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் பாதியிலும், அந்தி நேரத்தில், கூட்டம் கூட்டமாக இரைந்துகொண்டு எழும்பும். மேலே எழுந்ததும் வடக்கே திரும்பும்.

வடக்கு எது என்று கண்டுபிடிப்பதில் இந்தக் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பறவைகளின் காந்தத் திசைகாட்டி நம் கையில் உள்ள திசைகாட்டி போல வேலை செய்வதில்லை என்று 1972இல் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த வோல்ஃப்காங், ரோஸ்விதா வில்ட்ஷ்கோ தம்பதி கண்டறிந்தார்கள். காந்தப்புலத்தின் வடமுனை, தென்முனை அவற்றுக்குத் தெரியாது. காந்தக் கோடுகள் தரையை நோக்கி எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை மட்டும் உணர்கின்றன; சரிவாக இறங்கும் பக்கம் துருவத் திசை, எதிர்ப்பக்கம் நிலநடுக்கோட்டுத் திசை. இந்த உத்தி சாய்வு இருக்கும் இடத்தில்தான் செல்லும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. அந்தக் கோட்டுக்கு மேலே வானத்தின் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயத்தான் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவுதளத்துக்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டுக்கு உழைத்த இளைஞர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர். தனுஷ்கோடியும் அந்தக் கோட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. இங்கே காந்தச் சாய்வு சில டிகிரிகள்தான்.

ஆக, பயணம் தொடங்கும் இடத்தில் காந்தக் கோடுகள் ஏறத்தாழப் படுத்துக் கிடக்கின்றன, போய்ச் சேரும் தைமிரில் 80 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கின்றன. சாய்வை நம்பும் திசைகாட்டிக்கு இரண்டுமே மோசமான இடம். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஒரு சிறு பறவையை இதே தம்பதி சோதித்தபோது, சில நாள் கிடைமட்டப் புலத்தில் வைத்திருந்த பறவைகள் அதன் பிறகு திசை விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டன: காந்த நடுக்கோட்டைத் தாண்டிய பறவை எப்படி நடக்க வேண்டுமோ அப்படி. காந்தத்தை மட்டும் நம்பியும் அவை போவதில்லை. சூரியன் மறையும் இடம், விண்மீன்கள் சுழலும் மையம், கடற்கரையின் வளைவு எல்லாம் ஒன்றையொன்று சரிபார்க்கும் சாட்சிகள். வட்டத்துக்கு மேலே போனால் விண்மீனும் கைவிடும், ஏனென்றால் அந்தப் பருவத்தில் அங்கே இரவு இல்லை.

டிக்சன் பக்கத்தில் மே முதல் வாரம் மேலே வந்த சூரியன் ஆகஸ்ட் தொடக்கம் வரை மறைவதில்லை. நாள் தவறாமல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சத்தில் வாழ்ந்த பறவை ஜூன் தொடக்கத்தில் அதற்குள் நுழைகிறது. ஹிமாத்ரி போன்ற நிலையங்களில் கோடையில் தங்குகிறவர்கள் தடித்த திரையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தூங்குவார்கள். உள்ளான்கள் வேறு வழி எடுக்கின்றன. அலாஸ்காவில் பெக்டோரல் என்ற உள்ளான் இனத்தின் ஆண்களுக்கு மூளை அலையைப் பதிவுசெய்யும் கருவி பொருத்தி மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2012இல் வெளியிட்ட முடிவு, தூக்கம் பற்றிய பாடப்புத்தகத்தையே கொஞ்சம் அசைத்தது. ஓர் ஆண் பறவை 19 நாட்கள், நேரத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் விழித்தே இருந்தது. அதைவிட வியப்பு, மிகக் குறைவாகத் தூங்கிய ஆண்களுக்கே மிக அதிகமாகக் குஞ்சுகள் பிறந்தன. விழித்திருந்த நேரத்தில் அவை பெண்ணைத் துரத்தின, எதிரியை விரட்டின. கோடை சில வாரம்தான். தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூந்திரத்தில் ஜூனில் முதலில் கிடைப்பது பனியும், பனிக்கிடையே கறுப்புத் திட்டுகளாக வெளிப்படும் பாசித்தரையும். அந்தத் திட்டில்தான் கூடு. ஒரு குழி, நாலு முட்டை. மரம் இல்லை, மறைப்பு இல்லை, காற்று நிற்பதே இல்லை. அப்படி வெட்டவெளியில் அடைகாக்கும் சிறு கரையோரப் பறவைகள் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அளந்தபோது, வெப்பமான கடற்கரையில் குளிர்காலத்தில் செலவிடுவதைவிட மிக அதிகமாக வந்தது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போக வேண்டும், இங்கேயே வாலிநோக்கத்தில் முட்டையிட்டால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு விடை பூச்சி. ஜூலையில் தூந்திரத்துக் குட்டைகளிலிருந்து கொசுவும் ஈயும் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கில் கிளம்புகின்றன. உள்ளான் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில்லை. பொரித்த நாளே தானாக நடந்து தானாகத் தின்ன வேண்டும். வாயெட்டும் உயரத்தில் பூச்சியும், இருபத்து நாலு மணி நேர வெளிச்சமும் இருந்தால்தான் அது நடக்கும். இன்னொரு விடை 2010இல் கனடாவிலிருந்து வந்தது. லாரா மெக்கினன் குழு, கூடு போலச் செய்து காடை முட்டை வைத்து, தெற்கே 53 டிகிரியிலிருந்து வடக்கே 82 டிகிரி வரை பல இடங்களில் எத்தனை முட்டை களவு போகிறது என்று பார்த்தது. வடக்கே போகப் போக ஆபத்து குறைந்தது. இரு முனைகளுக்கும் இடையே குறைவு 65 விழுக்காடு. நம் கரையில் முட்டை வைத்தால் காகமும் நாயும் கீரியும் உடும்பும் என்ன மிச்சம் வைக்கும் என்று யோசித்தால் 7,000 கிலோமீட்டர் அப்படியொன்றும் அதிகமாகத் தெரியாது.

திரும்பிவரும் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், வழி அதேதான். யார் எப்போது வருகிறார்கள் என்பதில்தான் சுவை. வளைமூக்கு உள்ளானில் ஆணுக்கு அடைகாக்கும் வேலையே இல்லை. இணை சேர்ந்து முடிந்ததும் ஜூலை தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகளைக் காத்து நின்ற பெண்கள் ஜூலை கடைசியில் கிளம்பும். குஞ்சுகள் கடைசி. ஆகஸ்டில், பெற்றோர் போன பிறகு, வழி தெரிந்த ஒருவரும் கூட இல்லாமல் அவை முதல்முறையாகக் கிளம்பி, செப்டம்பர், அக்டோபரில் நம் கரைக்கு வந்து சேர்கின்றன. கொசு உள்ளான் குடும்பம் இன்னும் வினோதம்: பெண் ஒரு கூட்டில் முட்டையிட்டு ஆணிடம் விட்டுவிட்டு, இன்னொரு கூட்டில் இட்டுத் தானே அடைகாக்கும். அது ஒருபக்கம் இருக்கட்டும். கணக்குப் பார்த்தால் வளர்ந்த உள்ளான் ஆர்க்டிக்கில் இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு மாதம். வழியில் இரண்டு, மிச்ச எட்டு மாதமும் இங்கேதான். ஒரு வயது நிரம்பாதவற்றில் பல அந்த ஆண்டு வடக்கே போவதே இல்லை. நிறம் மாறாமல், கொழுக்காமல், ஜூன் மாதக் கச்சான் காற்றிலும் மண்டபத்துக் கரையிலேயே நிற்கும். 1980களில் மண்டபத்தையும் சுற்றியுள்ள தீவுகளையும் களமாகக் கொண்டு ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன், இப்படிக் கோடையிலும் தங்கிவிடும் பறவைகளை விரிவாகப் பதிவு செய்தவர்.

ஆர்க்டிக்கில் நடப்பது நம் சேற்றில் தெரியும் என்று சொன்னால் மிகைபோலத் தோன்றலாம். இரண்டு சான்றுகள் தருகிறேன்.

தைமிரில் லெம்மிங் என்ற குட்டைவால் எலி சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு சரியும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரி வயிறாரத் தின்று பறவைக்கூட்டைச் சீண்டாது. சரிந்த ஆண்டில் பசித்த நரிகள் முட்டையும் குஞ்சுமாக அள்ளிவிடும். 1987இல் ரான் சம்மர்ஸும் லெஸ் அண்டர்ஹில்லும் ஆர்க்டிக்குக்கே போகாமல் இதைக் காட்டினார்கள். தைமிரில் பிறந்து தென்னாப்பிரிக்கக் கடற்கரைக்கு வரும் உள்ளான்களிலும், மேற்கு ஐரோப்பாவுக்கு வரும் வாத்துகளிலும் அந்தந்த ஆண்டுக் குஞ்சுகளின் விகிதத்தைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின; லெம்மிங் கணக்கோடும் பொருந்தின. ஓர் எலியின் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வெயில் காயும் கரையில் எண்ணித் தெரிந்துகொள்ளப்பட்டது.

இரண்டாவது சான்று கவலை தருவது. 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் வெப்பமாகியிருக்கிறது. தைமிரில் பனி உருகும் நாள், 33 ஆண்டுத் தரவில், ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னுக்கு வந்துவிட்டது. பறவையோ தன் கடிகாரப்படிதான் வந்து சேர்கிறது. அது முட்டையிட்டுப் பொரிக்கும்போது பூச்சி உச்சம் முடிந்திருக்கும். அரைவயிற்றுக் குஞ்சு சிறியதாக வளர்கிறது. யான் வான் கில்ஸும் குழுவினரும் 2016இல் காட்டிய விஷயம் இதன் அடுத்த படி. பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்த நாட் பறவைகளுக்கு அலகும் குட்டை. அவை குளிர்காலம் கழிக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியக் கரையில் சத்தான சிப்பி மணலுக்குள் ஆழமாக இருக்கிறது; குட்டை அலகுக்கு எட்டவில்லை. வேறு வழியின்றிக் கடற்புல்லின் கிழங்கைத் தின்று பார்த்து, முதல் ஆண்டிலேயே அதிகமாகச் செத்தன. கொன்றது ஆர்க்டிக் வெப்பம், செத்தது வெப்பமண்டலக் கடற்கரையில்.

2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல்நிற உப்புக்கொத்தியையும் 'அழிய வாய்ப்புள்ளவை' என்ற நிலைக்கு மாற்றியது. கல்திருப்பி அதற்கு ஒரு படி கீழே. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பெயர் பூநாரைக்குப் போயிருந்தாலும், 2023-24 கணக்கெடுப்பில் அங்கே பதிவான 128 இனங்களில் நம் சாம்பல் சிறுசுகளும் அடக்கம். எந்தப் பெயரில் வந்தாலும் பாதுகாப்பு பாதுகாப்புதான். 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு சுற்றுலாக் கூட்டம் பெருகிவிட்டது. நீர் வற்றும் சில மணி நேரம்தான் சேறு தெரியும், அப்போதுதான் இரை. அந்த நேரத்தில் ஒரு நாய் ஓடினாலோ, படம் எடுக்க ஒருவர் சேற்றில் இறங்கினாலோ கூட்டம் முழுக்க எழும்பி வட்டமடித்து இறங்கும். ஏப்ரலில் அப்படி எழும்பும் ஒவ்வொரு தடவையும் சைபீரியாவுக்கென்று சேர்த்த கொழுப்பு செலவாகிறது.

சம்மர்ஸும் அண்டர்ஹில்லும் செய்த கணக்கை இங்கேயும் செய்யலாம், பெரிய கருவி வேண்டாம். செப்டம்பர் கடைசியில், நீர் வற்றும் நேரத்தில், சுமாரான ஒரு தொலைநோக்கியோடு கோதண்டராமர் கோவில் சாலையோரம் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் வளர்ந்த பறவை கலைந்த தோற்றத்தில் இருக்கும்: வயிற்றில் திட்டுத்திட்டாகப் பழைய சிவப்பு, பறக்கும்போது இறக்கையில் உதிர்ந்த இறகின் இடைவெளி. அந்த ஆண்டுக் குஞ்சு புத்தம்புதிதாக இருக்கும்: முதுகு இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர் கோடு ஓடிச் செதில் போலத் தெரியும், மார்பில் லேசான மஞ்சள் சாயல், இறக்கையில் இடைவெளியே இராது. கூட்டத்தில் ஒரு நூறு பறவையை எடுத்துக்கொண்டு எத்தனை குஞ்சு என்று எண்ணி, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்தில் அதே வாரம். அக்டோபர் முடிவதற்குள் எண்ணிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு இளசும் முதிர்ந்ததும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், பிரித்தறியக் கண் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.